ஐஸ்பெட்டி ஏசுபாதம்

இரும்புலியூரில் ஏசுபாதம் வீடு எது என்று கேட்டால் யாரும் சட்டென்று கை காட்ட மாட்டார்கள். கேட்கிறவன் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். அப்புறம் குரலை இறக்கி, "யாரு தவறிட்டாங்க?" என்பார்கள். அந்த வீட்டைத் தேடி யாரும் சந்தோஷ சமாச்சாரத்துக்கு வந்தது கிடையாது. பிணம் வைக்கிற ஐஸ்பெட்டியை வாடகைக்கு விடுவதுதான் ஏசுபாதத்தின் தொழில். ஒரு பெட்டி, அதை ஏற்றிப்போக ஒரு குட்டியானை வண்டி. அவ்வளவுதான் அவர் கம்பெனி.

ராத்திரி பகல் பார்க்காமல் வருவார். பெட்டியை இறக்கி, பிளக்கைச் சொருகி, உள்ளே சில்லிட்டதும் இறந்தவரை நாலு பேரோடு சேர்ந்து தானும் பிடித்து வைப்பார். அழுகிறவர்களுக்கு நடுவில் அவர் ஒருவர்தான் அழாமல் நிற்பார். அவரை எல்லோரும் அண்ணா, அண்ணா என்று கூப்பிடுவார்கள். காரியம் முடிந்த மறுமாதம் தாம்பரம் மார்க்கெட்டில் எதிரே வந்தால், அதே ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கீரைக் கட்டைப் பார்ப்பார்கள். அதற்காக அவர் வருத்தப்பட்டதில்லை. அவரைப் பார்த்தால் அவர்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று அவருக்குத் தெரியாதா?

வருத்தப்பட்டதெல்லாம் அவர் மனைவி அம்மணிதான். திரும்பி வருகிற பெட்டியைக் கழுவித் துடைப்பது அவள் வேலை. ஃபினாயில் போட்டு, வெந்நீர் ஊற்றி, கண்ணாடி மூடியைப் பழைய பனியனால் தேய்ப்பாள். தேய்த்துக்கொண்டே, "பொம்பளையா, ஆம்பளையா? புள்ளைங்க கீதா?" என்று விசாரிப்பாள். பெயர் தெரிந்தால் அந்தப் பெயரைச் சொல்லி ஒரு வரி ஜெபம் பண்ணுவாள். நல்ல மனநிலையில் இருந்தால் கேலியும் வரும்.

"யோவ், நான் பூட்டா எனக்கு வாடகை கேப்பியா?"

"வாய மூடுமே. விடிஞ்சும் விடியாம பேச்சப் பாரு."

"கேட்டாலும் கேப்ப. கட்டிக்கினவளவிட உனக்குப் பொட்டிதான ஒசத்தி."

வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை. அதில்தான் பெட்டி நிற்கும். கம்ப்ரஸர் ஓடினால் வீடே உறுமும். ஏசுபாதத்துக்குச் சாயங்காலமானால் பெட்டியை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும், இல்லையென்றால் நிம்மதி இல்லை. அம்மணிக்கோ சாயங்காலமானால் ஜெபம். பாயை விரித்து, மகள் ஜீவிதாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, டிவியை நிறுத்தி, கிரைண்டரை நிறுத்தி, பிறகு கொட்டகைப் பக்கம் திரும்பி ஒரு சத்தம் போடுவாள்.

"ஜெபிக்கப் போறோம்! அத்த அமுத்து!"

ஏசுபாதம் சுவிட்சை அமுக்குவார். உறுமல் நின்றுவிடும். கொட்டகையிலிருந்தபடியே கண்ணை மூடிக்கொள்வார். வருஷக்கணக்காக இதுதான் பழக்கம். போகப் போக அவள் சத்தம் போட வேண்டியதே இல்லாமல் போனது. "ஜெபிப்போம்" என்ற வார்த்தை காதில் விழுந்தால் போதும், அவர் கை தானாகப் போய் சுவிட்சை அமுக்கிவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரிப் பித்து அவருக்குப் பிடித்தது கேளம்பாக்கத்தில். ஒரு மழைக்காலம். அடுக்குமாடி வீட்டில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். மகன் வெளிநாட்டில். "பையன் வர வரைக்கும் தாங்குமா?" என்று கேட்டார்கள். "நான் பாத்துக்கறேன்" என்று ஏசுபாதம் வாய்விட்டுச் சொன்னார். மறுநாள் ஏரியா முழுக்க கரண்ட் போனது. போனது போனதுதான். அந்த வீட்டு இன்வர்ட்டர் மின்விசிறி சுற்றத்தான் லாயக்கு. ஐஸ் கட்டி வாங்கி வந்து உள்ளே அடுக்கினார்கள். அதுவும் உருகியது. கண்ணாடிக்கு உள்பக்கம் வேர்த்து வழிந்தது. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டு போனார்கள். மகன் வந்து பார்த்தபோது பார்க்கிற மாதிரி இல்லை.

அவன் கத்தவில்லை, சண்டை போடவில்லை. பெட்டியை ஏற்றும்போது பக்கத்தில் வந்து, "பாத்துக்கறேன்னு சொன்னீங்களே அண்ணா" என்றான். அவ்வளவுதான். ஏசுபாதம் வண்டியை வண்டலூர் வரைக்கும் ஓட்டி வந்து, ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்மேல் தலையை வைத்துக்கொண்டு கிடந்தார்.

அன்றிலிருந்து பேட்டரி தேடல். ஜெனரேட்டர் வைத்தால் வருகிற வாடகை டீசலுக்கே சரியாகிவிடும். புது பேட்டரி விலையோ அவர் கிட்டே நெருங்க முடியாதது. மற்றவர்கள் பழசைக் கொடுத்துக் கழித்துக்கொண்டு புதுசு வாங்குவார்கள். இவருக்கு அதுவும் கிடையாது. சாவு வீட்டுக்குப் போய்வந்த பேட்டரியை எந்தக் கடைக்காரன் எக்ஸ்சேஞ்சில் எடுப்பான்? "உன் பேட்டரியா? உள்ள கொண்டாராத" என்று வாசலிலேயே தடுத்துவிடுவார்கள். ஆகவே செகண்ட் ஹேண்ட்தான் கதி. முடிச்சூர் ரோட்டுக் காயலாங்கடை, பெருங்களத்தூர் மெக்கானிக் ஷெட், ஆபீஸ்களில் கழித்துப் போட்டது, செல்போன் டவரிலிருந்து இறக்கியது என்று எங்கே பேட்டரி கிடக்கிறது என்று காதில் விழுந்தாலும் குட்டியானையைத் திருப்பிவிடுவார்.

அதிகம் வாங்கியது ஜெயவேலுவிடம். பழைய பேட்டரிக்கு ஆசிட் மாற்றி, சார்ஜ் ஏற்றி விற்கிறவன். கடை முழுக்கக் கறுப்புப் பெட்டிகள். வாய் ஓயாது.

"அண்ணா, இது சோக்கான பீஸு. பேங்க் ஆபீஸ்ல ஏசிலயே வளந்த பேட்டரி. உன்னவிட என்னவிட சொகுசா இருந்துகீது."

"உள்ள ஒரு செல்லு செத்துருக்குமே."

"செத்தத பத்தி நீ பேசு, நான் பேசல. தோ பாரு, பல்பு போட்டுக் காட்றேன்."

லாரி ஹெட்லைட் பல்பை மாட்டுவான். கண் கூசுகிற மாதிரி எரியும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் அப்படியே எரிந்துகொண்டிருக்கும். ஆனால் பல்பு எரிவது வேறு, கம்ப்ரஸர் கிளம்புவது வேறு. கம்ப்ரஸர் ஓடும்போது கொஞ்சமாகத்தான் கரண்ட் இழுக்கும். கிளம்புகிற அந்த ஒரு நொடியில் மட்டும் ஒரே உறிஞ்சாக உறிஞ்சும். கிழட்டு பேட்டரி அங்கேதான் மண்டியிடும்.

"ஜெயவேலு, பொட்டிய வண்டில கொண்டாந்து இங்கயே மாட்டிப் பாத்துட்டு எடுத்துக்கறேனே?"

"அய்ய, ஆள வுடு அண்ணா! கடைக்கு முன்னால பொணப் பொட்டி நின்னா எவன் வருவான்? அப்புறம் நானே அதுல ஏறிப் படுத்துக்க வேண்டியதுதான்."

"அப்போ வூட்ல மாட்டிப் பாத்துட்டு, ஓடலன்னா திருப்பித் தரேன்."

"பொட்டியில மாட்டினத திருப்பி வாங்கவா? உனக்கே நாயமா கீதா?"

ஆக, எதற்காக வாங்குகிறாரோ அதில் மாட்டிப் பார்க்க வழியில்லை. பல்பை நம்பி வாங்குவார், வீட்டில் இன்வர்ட்டர் வைத்துப் பெட்டியில் மாட்டுவார். இன்வர்ட்டர் கீச்சென்று கத்திவிட்டு நின்றுபோகும். கொட்டகையில் செத்த பேட்டரிகள் வரிசை கட்டின. அம்மணி அவற்றின்மேல் பலகையைப் போட்டுத் தண்ணீர்க் குடங்களை அடுக்கினாள்.

"ஊர்ல எல்லாரும் பொணத்துக்குப் பொட்டி தேடுவான். என் புருசன் பொட்டிக்குப் பொணம் தேடிகினு வரான்" என்று பக்கத்து வீட்டு சரசுவிடம் சொல்லிச் சிரிப்பாள்.

கடைசியில் உருப்படியான ஒரு பேட்டரியைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் அம்மணிதான். சேலையூரில் ஸ்ரீரங்கன் சார் வீட்டில் அவள் பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கிக்கொண்டிருந்தாள். அவர் ஓய்வுபெற்ற வாத்தியார். அவர்கள் வீட்டு இன்வர்ட்டருக்குப் புது பேட்டரி வரப் போகிறது, பழசு நன்றாகத்தான் இருக்கிறது, பிள்ளை நிகில் வேண்டாம் என்று ஆன்லைனில் புதுசு புக் பண்ணிவிட்டான் என்று சேதி வந்தது. ஏசுபாதம் குட்டியானையை எடுத்துக்கொண்டு போனார். பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான்.

ஸ்ரீரங்கன் சார் வாசலுக்கு வந்தார். "கடைக்காரன் குடுக்கறதையே நீங்க குடுத்தா போதும், ஏசுபாதம். என்ன, வீட்டுக்கா?"

ஏசுபாதத்துக்குப் பொய் வரவில்லை. "இல்லீங்க சார். ஐஸ் பொட்டிக்கு."

சார் கதவுப்பிடியைப் பிடித்தபடி நின்றார். நாம் தினமும் விளக்கேற்றிய பேட்டரி இனிமேல் எங்கெல்லாம் போகப் போகிறது என்று யோசித்தாரோ என்னவோ. உள்ளேயிருந்து அவர் மனைவி அபிதகுஜாம்பாள் எட்டிப் பார்த்தார்.

"என்னத்துக்கு யோசிக்கறேள்? எடுத்துண்டு போகட்டும். நம்ம நிகிலும் அமெரிக்காவிலதான் இருக்கான். அவன் வந்து சேர வரைக்கும் நமக்கும் இது வேண்டியிருக்காதா?"

"என்ன பேச்சு பேசற?"

"உள்ளதைத்தான் பேசறேன். அம்மணி, ஒரு கை பிடிச்சுக் குடு. உங்காத்துக்காரர் இடுப்பு பிடிச்சுக்கப் போறது."

அம்மணியும் ஏசுபாதமும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார்கள். வீட்டுக்கு வந்து மாட்டினார். பெட்டி ஒருமுறை குலுங்கியது, உறுமியது, ஓடியது. இன்வர்ட்டர் கத்தவில்லை. ஏசுபாதம் சிறு பிள்ளை மாதிரி கையைத் தட்டினார். அம்மணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இத்தினி வருசம் ரோடு ரோடா சுத்துன. கடைசில எவ வாங்கியாந்தா?" என்றாள்.

அந்த பேட்டரி தெம்பாக இருந்தவரைக்கும் ஏசுபாதம் யாரிடமும் தலைகுனியவில்லை. எத்தனையோ மழைக்கு, எத்தனையோ வீட்டில், துபாயிலிருந்தும் டெல்லியிலிருந்தும் வந்து சேர்ந்த பிள்ளைகள் முகம் பார்த்தார்கள். ஆனால் பேட்டரியும் கிழடு தட்டாமல் இருக்குமா? போகப் போக அதற்கும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. கரண்ட் இருக்கும்போதே பெட்டியை ஓட்டிவிட்டால், கரண்ட் போன பிறகு ஓடுகிறதை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை நின்றுவிட்டால் திரும்பக் கிளப்பாது. ஆகவே நிற்கவே விடாதபடி குளிர்ச்சித் திருகைக் கடைசி வரைக்கும் திருப்பி வைத்துவிடுவார். வேறு ஒன்றுக்கு மறுபடி தேடல் தொடங்கியது.

அந்தத் தேடலில்தான் கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு ஷெட்டுக்குப் போயிருந்தார். வானம் இறங்கிக் கிடந்தது. புயல் வருகிறது என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சரசு போன் பண்ணினாள். "அண்ணா, அக்கா நெஞ்ச புடிச்சிகினு குந்திட்டாங்க. ஆட்டோல ஏத்திட்டோம். ஓடியா." அவர் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தும்போது எல்லாம் முடிந்திருந்தது.

அம்மணியை வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். கொட்டகையிலிருந்து பெட்டியை நாலு பேர் கூடத்துக்கு இழுத்து வந்தார்கள். முந்தாநாள்தான் அம்மணி அதைத் துடைத்து வைத்திருந்தாள். கண்ணாடி பளபளவென்று இருந்தது. எத்தனையோ வீட்டில் அழாமல் நின்ற மனிதர், பிளக்கைக் கையில் பிடித்தபடியே நின்றார். சரசுவின் புருஷன்தான் சொருகினான்.

மகள் ஜீவிதா இப்போது மஸ்கட்டில் நர்ஸ். போனில் அழுது ஓய்ந்த பிறகு ஒரே ஒன்றுதான் கேட்டாள். "அப்பா, நான் வர வரைக்கும் அம்மாவ வச்சிரு. மொகத்த மட்டும் பாத்துடறேன்."

"வாம்மா. நான் பாத்துக்கறேன்" என்றார் ஏசுபாதம். சொன்ன பிறகுதான், இதே வார்த்தையை முன்பு எங்கே சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

புயலால் சென்னை விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். அவள் பெங்களூரில் இறங்கி பஸ் பிடித்தாள். இங்கே விடிந்தபோது தெருவில் முழங்கால் தண்ணீர். தண்ணீரில் ஒயர் கிடக்கிறது என்று கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். கூடத்தில் ஸ்ரீரங்கன் சார் வீட்டு பேட்டரி, உறுமலை விடாமல் பிடித்துக்கொண்டது. ஏசுபாதம் அதன் தலையில் கை வைத்துப் பார்த்தார். லேசாகச் சுட்டது. மத்தியானம் வரைக்கும் தாங்கும் என்று தோன்றியது. ஜெயவேலுவுக்குப் போன் பண்ணினார்.

"ஒண்ணே ஒண்ணு எடுத்துகினு வா ஜெயவேலு. ஓடும்போதே பக்கத்துல சேத்துக் கட்டிடலாம். பொட்டி நிக்காது. சாயங்காலம் புள்ள வந்துடும்."

"அண்ணா, கடைக்குள்ள இடுப்புத் தண்ணி. மேல் பலகைல ரெண்டு கீது. எப்டியாவது இஸ்துகினு வரேன். நீ கலங்காத."

பெட்டியின் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார் ஏசுபாதம். வருகிறவர்களிடமெல்லாம், "மாலைய மேல வைங்க, மூடியத் தெறக்காதீங்க. இந்த சுவிட்ச்ச மட்டும் யாரும் தொடக் கூடாது. நின்னா கெளம்பாது" என்றார். குழந்தைகளைக்கூட அந்தப் பக்கம் விடவில்லை. சுவிட்சுக்குப் பக்கத்தில் அவர் முழங்கால்.

போதகர் சுவிசேஷமுத்து தண்ணீரில் நடந்து வந்தார். வேட்டியைப் பிழிந்துவிட்டு, பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார். கூட்டம் எழுந்தது. வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்தார். உறுமலில் பாதி கேட்கவில்லை. வேதப்புத்தகத்தை மூடினார்.

"ஜெபிப்போம்" என்றார்.

எல்லோரும் தலை குனிந்தார்கள். ஏசுபாதமும் கண்ணை மூடினார். கூடம் அமைதியாயிற்று. ஓட்டின்மேல் மழை விழுவது கேட்டது. போதகரின் குரல் தெளிவாகக் கேட்டது. அம்மணி என்கிற இந்தச் சகோதரி, யார் யாருடைய பிரேதத்துக்கோ பெயர் சொல்லி ஜெபித்தவள் என்று அவர் சொன்னார். அவள் இருந்தால் இப்படித்தான் கேட்க ஆசைப்படுவாள், சத்தம் இல்லாமல், ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழ, என்று ஏசுபாதம் நினைத்துக்கொண்டார். காலையிலிருந்து முதல் தடவையாக அவர் நெஞ்சு கொஞ்சம் லேசானது.

"ஆமென்" என்றார்கள்.

கண்ணைத் திறந்தார். கூடம் இன்னும் அமைதியாகத்தான் இருந்தது. குனிந்து பார்த்தார். அவர் கட்டைவிரல் சுவிட்சின்மேல் இருந்தது.

சரசுதான் முதலில் வாய் திறந்தாள். "அண்ணா... பொட்டி நின்னுடுச்சு."

அவர் சுவிட்சைப் போட்டார். பெட்டி ஒரு முனகல் முனகியது. இன்வர்ட்டர் கத்தியது. நின்றது. கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி போட்டார். முனகல், கத்தல். ஒயரை இறுக்கினார். பேட்டரியைத் துடைத்தார். "எழுந்துக்கோ, எழுந்துக்கோ" என்று அதனிடம் கெஞ்சினார். பேட்டரியைப் பார்த்துச் சொல்கிறாரா, உள்ளே இருப்பவளைப் பார்த்துச் சொல்கிறாரா என்று புரியாமல் பெண்கள் மறுபடி அழ ஆரம்பித்தார்கள்.

ஜெயவேலு வந்தான். தள்ளுவண்டியில் இரண்டு பேட்டரியும் அதன்மேல் பிளாஸ்டிக் ஷீட்டும். நெஞ்சு வரை நனைந்திருந்தான். வாசலில் நின்று பெட்டியைப் பார்த்ததும் ஒரு வினாடி தயங்கினான். அப்புறம் செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்து, யாரையும் கேட்காமல் தானே குந்தி ஒயரை மாட்டினான். ஒன்று. இன்வர்ட்டர் கத்தியது. இன்னொன்று. கத்தியது. மூன்றையும் சேர்த்துக் கட்டினான். பெட்டி குலுங்கியது, நின்றுவிட்டது.

ஜெயவேலு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"பல்புல எரிஞ்சுதே அண்ணா. நேத்துகூட போட்டுப் பாத்தேன். நல்லா எரிஞ்சுது." தலையில் அடித்துக்கொண்டான். "உனக்கு இத்தினி நாள் வித்ததெல்லாம் இப்டித்தான் கத்துச்சா? ஒரு வார்த்த நீ என்ன திட்டலியே."

"எந்திரி" என்றார் ஏசுபாதம். "நீ இன்னா பண்ணுவ? நிறுத்துனவன் நான்."

ஐஸுக்கு ஆள் அனுப்பினார்கள். கோவளத்தில் நாலு நாளாகப் படகு போகவில்லை, ஐஸ் இல்லை. தாம்பரத்தில் கடைகள் மூடியிருந்தன. மத்தியானம் தாண்டியது. ஏசுபாதம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் உள்பக்கம், ஒரு மூலையில், பொடிப்பொடியாக வேர்வை துளிர்த்தது.

மற்றவர்கள் கண்ணுக்கு அது தண்ணீர். அவர் கண்ணுக்கு கேளம்பாக்கம். கைக்குட்டைகள் ஒவ்வொன்றாக மூக்குக்குப் போவதை அவர் பார்த்திருக்கிறார். அந்த மகன் முகத்தைப் பார்த்திருக்கிறார். ஜீவிதா அப்படி வந்து நிற்பதை அவரால் நினைக்க முடியவில்லை. அம்மணியைப் பார்த்து ஒருவரும் மூக்கைப் பொத்தக் கூடாது. கழுவிக் கழுவி வைத்தவள் அவள்.

"எடுத்துடலாம்" என்றார்.

"இருக்கட்டும் அண்ணா" என்றாள் சரசு. "மொகம் நல்லாத்தான் கீது. புள்ள வந்துடட்டும்."

போதகரும், "கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே ஏசுபாதம். எனக்கு அவசரமில்லை" என்றார்.

"உங்களுக்குத் தெரியாதுங்க ஐயா. எனக்குத் தெரியும். வேர்க்க ஆரமிச்சா அப்புறம் நிக்காது." அந்தத் தொழிலில் அவர் சொல்லுக்கு மேல் யார் சொல்ல முடியும்? எல்லோரும் அடங்கிப் போனார்கள்.

மகளுக்குப் போன் போட்டார். விட்டு விட்டுக் கேட்டது.

"ஜீவி, அம்மாவ எடுக்கறோம்மா."

"அப்பா! ஒரகடம் தாண்டிட்டேன்ப்பா. ரோட்ல தண்ணி, பஸ்சு நிக்குது. எறங்கி நடந்துகினாவது வரேன். கொஞ்ச நேரம்ப்பா..."

"பொட்டி நின்னுடுச்சும்மா."

"நீ பாத்துக்கறேன்னு சொன்னியேப்பா."

அவர் போனைக் காதிலேயே வைத்திருந்தார். சார்ஜ் தீர்ந்து அது எப்போது அணைந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் குழிக்குள் ஊறிய தண்ணீரை வாளியால் இறைத்து இறைத்துத்தான் இறக்கினார்கள். ஏசுபாதம் ஒரு கைப்பிடி சேறு போட்டார். மண் இல்லை, சேறுதான். இருட்டுவதற்குள் வீடு திரும்பினார்கள். ஸ்ரீரங்கன் சார் பேன்ட்டை மடித்து விட்டுக்கொண்டு தண்ணீரில் நடந்தே வந்திருந்தார். ஏசுபாதம் தோளில் கை வைத்துவிட்டு, தன் பழைய பேட்டரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

அப்போதுதான் ஜீவிதா வந்தாள். பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு, இடுப்பு வரை நனைந்து. வாசலில் நின்று வீட்டில் இருந்தவர்களின் துணியில் கல்லறைத் தோட்டத்துச் சேற்றைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். அழவில்லை. நேராகக் கூடத்துக்குப் போய்ப் பெட்டியின் கண்ணாடி மூடியைத் தூக்கினாள். அம்மா படுத்திருந்த தகட்டின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"அப்பா" என்றாள். "இன்னும் சில்லுனு கீதுப்பா."

ஏசுபாதம் கிட்டே போய்த் தானும் கை வைத்தார். சில்லென்றுதான் இருந்தது. நின்ற பெட்டி இன்னும் குளிரைப் பிடித்து வைத்திருந்தது. கேளம்பாக்கத்தில் ஐஸ் அடுக்க மூடியைத் திறந்து திறந்து மூடினார்கள், அங்கே மழை விட்டு வெயிலும் அடித்தது, இங்கே புயல் காற்று, யாரும் மூடியைத் தொடவில்லை. இதெல்லாம் அப்போதுதான் அவருக்கு வரிசையாகத் தோன்றியது. இவள் வந்து முகம் பார்க்கிற வரைக்கும் தாங்கியிருக்கும். அவர் கையை எடுக்கவில்லை. தகப்பன் கையும் மகள் கையும் அந்தத் தகட்டின்மேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, குளிர் போகிற வரைக்கும்.

ஜீவிதா லீவு முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்பிப் போனாள். அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். சாயங்காலம் போன் பண்ணுகிறாள், இரண்டு பேரும் போனிலேயே ஜெபம் பண்ணுகிறார்கள். பெட்டியை இப்போது அவரே துடைக்கிறார். பெயர் தெரிந்தால் பெயர் சொல்லி ஒரு வரி ஜெபிக்கிறார். அம்மணி மாதிரி அவருக்கு வார்த்தை வருவதில்லை.

பேட்டரி தேடல் மட்டும் ஓயவில்லை. ஜெயவேலு கடை முன்னால் இப்போது ஐஸ்பெட்டியோடு குட்டியானை நின்றால் யாரும் விரட்டுவதில்லை. "மொதல்ல பொட்டியில மாட்டு அண்ணா. அது கெளம்பினா எடுத்துகினு போ" என்று ஜெயவேலுவே ஒயரைக் கொண்டுவந்து நீட்டுகிறான். வேறு வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தால், "அவசரம்னா வேற கடைக்குப் போய்க்கினே இரு" என்கிறான்.

போன மாதம் இரும்புலியூரிலேயே ஒரு வீடு. பாட்டுப் பாடி முடித்து எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒரு பெரியவர் ஏசுபாதத்தைப் பார்த்துக் கை காட்டினார்.

"ஜெபிக்கப் போறோம்ப்பா. இந்த சத்தத்த கொஞ்சம் அமுத்து."

"அமுத்த முடியாதுங்க" என்றார் ஏசுபாதம். "இதுல சுவிட்ச் இல்ல."

பெரியவர் நம்பாமல் குனிந்து பார்த்தார். சுவிட்ச் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. இரண்டு ஒயரையும் நேராக முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

"சுவிட்ச் இல்லாம ஒரு மிஷினா?"

"ஆமாங்க. சொருகினா ஓடும். புள்ளைங்க வர வரைக்கும் ஓடிகினே இருக்கும்."

சொல்லிவிட்டு அவர் வெளியே போய்க் குட்டியானையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். உள்ளே ஜெபம் தொடங்கியது. உறுமல்தான் தெரு வரைக்கும் கேட்டது. இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, ஏசுபாதம் கண்ணை மூடினார்.